டிரம் மைக்கில் விழுந்த குரல்

ப்ளூஸ் ராக் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் கிதார்காரர் இருபது வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: "வயித்தெரிச்சலைச் சத்தமா சொல்றது. அவ்வளவுதான்." அப்படிச் சத்தமாகச் சொல்வதற்காக நான்கு பேர் சேர்ந்து அமைத்த குழுவுக்கு 'ஓவர்லோடு' என்று பெயர். பெயர் வைத்தவன் டிரம்மர். பகலில் அவன் லிப்ட் மெக்கானிக். இடிக்கப்போகிற கட்டடம் ஒன்றில் கழற்றிய சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் கொண்டுவந்து டிரம்முக்கு மேலே மாட்டினான். அதில் இருந்த எழுத்தே குழுவின் பெயராகிவிட்டது. அதைவிட நல்ல பெயர் யோசிக்க ஒருத்தருக்கும் பொறுமை இல்லை.

பாடுகிறவள் அவன் மனைவி, கிதார்காரரின் கூடப்பிறந்த தங்கை. அவள் வேலை கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. அதனால் அண்ணன், கணவன், பேஸ் கிதார் வாசிக்கிற குண்டு மனிதர் எல்லாருக்கும் அவள் 'டீச்சர்'தான். மேடையிலும் அவள் டீச்சராகத்தான் இருந்தாள். டிரம்மர் அவசரக்காரன். பாட்டு சூடு பிடித்துவிட்டால் பெரிய டிரம்மின் பெடலை மிதிக்கிற அவன் கால் சொன்ன பேச்சைக் கேட்காது, ஓட ஆரம்பித்துவிடும். அப்போது அவள் வாயை மைக்கிலிருந்து ஒதுக்கி, பக்கவாட்டில் திரும்பி, "மெதுவா, மெதுவா" என்பாள். காரில் புதிதாக உட்கார்ந்தவன் ஆக்ஸிலேட்டரை ஏறி மிதிக்கும்போது சொல்கிற அதே தொனி. அவன் கால் அடங்கிவிடும். பாட்டு முழுக்க அவள் பார்வை அவனுடைய வலது பாதத்தில்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் பாடினால் தரையில் நிற்கிற மாதிரியே இல்லை என்பாள்.

அவள் எப்படிப் பாடுவாள் என்பதை எழுதிக் காட்ட முடியாது. கேட்டவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள் என்று மட்டும் சொல்லலாம். ஹோட்டல் கூடங்களிலும் கல்லூரி மைதானங்களிலும் கம்பெனிகளின் வருடாந்திரக் கூத்துகளிலும் இருபது வருஷம் அப்படிப் பாடினாள். அதைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வந்ததில்லை. ஒரே ஒரு தடவை வந்தது, அதுவும் மின்கசிவால் நிகழ்ச்சி பாதியில் நின்றுபோன செய்தி.

கடைசியில் ஒரு சிறிய இசைக் கம்பெனிக்காரர் ஏதோ விருந்தில் இவர்களைக் கேட்டுவிட்டு, ஒரு முழு ஆல்பம் போடலாம் என்று கூப்பிட்டார். ஒன்பது பாட்டு. எல்லாம் அவள் எழுதியது. ஏழாவது பாட்டுதான் ஆல்பத்துக்கும் பெயர்: 'ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்'. டிரம்மர் வேலையிலிருந்து கொண்டுவந்த கதை அது. சண்டை போட்டுக்கொண்டே லிப்டில் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இவன் போய் இறக்கிவிடுவதற்குள் இரண்டு மணி நேரம். வெளியே வந்தபோது இருவரும் கைகோத்திருந்தார்களாம். அவள் அதை அப்படியே பாட்டாக்கினாள்.

*கதவைத் திறந்தா செங்கல்லு,*
*கையை நீட்டினா உன் தோளு.*

மரச்சாமான் கிடங்கு ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது ஸ்டூடியோ. அதை நடத்துகிற ஒலிப்பதிவுக்காரரை எல்லாரும் 'காது' என்று கூப்பிட்டார்கள். பக்கத்து அறையில் ஒரு திருகாணி உருண்டால்கூட எந்தத் திசையில் உருண்டது என்று சொல்லிவிடுகிற மனிதர். முதல் இரண்டு நாள் டிரம்மும் பேஸும் பதிவாக வேண்டும். அவர்கள் வாசிக்கும்போது பாட்டு எங்கே போகிறது என்று தெரிவதற்காகப் பாடகி ஒப்புக்குப் பாடுவாள். இதற்குக் கைடு என்று பெயர். வேலை முடிந்ததும் அதை அழித்துவிட்டு, பிறகு ஒருநாள் நிதானமாக உண்மையான குரலைப் பதிவு செய்வார்கள். எந்தப் பாடகியும் கைடை வெளியே கேட்கவிட மாட்டாள். அது குளிக்கப் போகும்போது கட்டிக்கொள்கிற துண்டு மாதிரி.

கைடு பாடுகிறவர் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவள் போனாள், இரண்டு நிமிஷத்தில் இருமிக்கொண்டே வெளியே வந்துவிட்டாள். ஒரு மாதமாகவே தொண்டை கட்டியிருந்தது. நாள் பூராவும் கார் பழகுபவர்களைப் பார்த்துக் கத்துவதால்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"உள்ள மூச்சு முட்டுது. அதுவுமில்லாம இவன் கால் தெரியல. நான் வெளியவே நின்னு பாடறேன்."

காது தலையில் கை வைத்தார். "டீச்சர், நீங்க டிரம் பக்கத்துல நின்னு பாடினா உங்க குரல் பூராவும் டிரம் மைக்குலயும் விழும். அப்புறம் பிரிக்கவே முடியாது."

"விழட்டும். அடுத்த மாசம் தொண்டை சரியானதும் நல்லாப் பாடுவேன்ல? என் குரலுக்கு மேல என் குரல் உக்காந்தா அடியில இருக்கறது எப்படித் தெரியும்?"

அதில் தப்பே இல்லை. காதுகூட ஒத்துக்கொண்டார். இரண்டு நாளும் அவள் டிரம்முக்கு மூன்று கை தூரத்தில் நின்று, பாதி வார்த்தையும் பாதி லல்லலாவுமாக, இருமி, தண்ணீர் குடித்து, கணவனின் பாதத்தைப் பார்த்தபடி ஒன்பது பாட்டையும் பாடி முடித்தாள். ஏழாவது பாட்டின் நடுவில் கிதாரும் பேஸும் நின்றுபோய் டிரம் மட்டும் தனியே கேட்கிற ஓர் இடம் உண்டு. அங்கே டிரம்மர் வழக்கம்போல ஓட ஆரம்பித்தான். "மெதுவா, மெதுவா" என்றாள்.

அந்த அடுத்த மாதம் வரவில்லை. அதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது. குரல்வளையில் கட்டி, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். ஒன்பது நாளில் ஆபரேஷன்.

கிதார்காரர் ஓடிவந்தார். பெரிய மனிதர், கூடத்தில் நின்று விம்மினார். "பாப்பா, இந்த ஒம்பது நாளைக்குள்ள பாடிடலாம்மா. நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டாக்கூட முடிஞ்சிடும்."

அவள் தலையாட்டி மறுத்தாள். அப்போது அவள் குரல் தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி ஆகியிருந்தது. "இந்தக் குரலோட பாடினா, இதுதான் நான்னு ஆயிடும் அண்ணா. உன் பொண்ணைப் பாடச் சொல்லு. அவளுக்கு நான்தானே சொல்லிக்கொடுத்தேன்." பிறகு கணவனைப் பார்த்தாள். "நான் கைடு பாடினது ஒண்ணு விடாம அழிச்சிடணும். நீ முன்னாடி நின்னு அழிக்கணும். சத்தியம் பண்ணு."

அவன் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

ஆபரேஷன் அன்று காலை அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் பெரிதாக ஏதாவது சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தான். "பார்க்கிங் சீட்டைத் தொலைச்சிடாதே" என்றாள். அவள் வாயிலிருந்து கடைசியாக வந்த பேச்சு அதுதான். அந்தச் சீட்டை அவன் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறான். வெளியே வரும்போது காவலாளி கேட்டதற்கு, தொலைந்துவிட்டது என்று சொல்லி அபராதம் கட்டிவிட்டு வந்தான்.

கழுத்தின் அடியில் ஒரு சிறிய துளை, அதற்கு மேல் ஒரு துணித் திரை. இனி மூச்சு அந்த வழியாகத்தான். கழுத்தில் அழுத்திப் பேசுகிற ஒரு கருவி கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை பேசிப் பார்த்தாள். பிறகு குட்டி நோட்டில், 'தரை துடைக்கிற மெஷினுக்குக் காதல் வந்த மாதிரி இருக்கு' என்று எழுதிக் காட்டிவிட்டு அதை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள். அவன் சிரித்தான். சிரித்து முடித்துக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

அந்த வாரமே அவள் பெரிய துப்புரவு ஒன்று செய்தாள். தன் போன், அவன் போன், அண்ணன் போன் எல்லாவற்றையும் வாங்கி, தன் குரல் இருந்த வீடியோக்களையும் குரல் செய்திகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பிறகு வேலைக்கும் திரும்பினாள். கத்த முடியாததால் புது வழி கண்டுபிடித்தாள். டாஷ்போர்டில் ஒரு அறை என்றால் பிரேக். இரண்டு மெல்லிய தட்டு என்றால் மெதுவா. முன்பு கத்தியபோது பயந்த பழகுபவர்கள் இப்போது இன்னும் நன்றாகவே பயந்தார்கள்.

மூன்றாம் வாரம் டிரம்மர் அவளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனான். காது திரையில் கைடு வரிசையைக் காட்டி, அவள் கண் முன்னாலேயே அழித்தார். அவள் நோட்டில் 'தேங்ஸ்' என்று எழுதினாள். அவன் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டான், அதாவது அவளுக்குத் தெரிந்த வரைக்கும்.

டிரம் மைக் ஞாபகம் அவளுக்கு வரவில்லை. காதுக்கு வந்தது. அண்ணன் மகள் வந்து ஒன்பது பாட்டையும் பாடி முடித்த பிறகு, ஒரு மத்தியானம் அவர் டிரம்மரை மட்டும் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து, டிரம்மை மட்டும் ஓடவிட்டார். அடி விழுகிறது, சிம்பல் தட்டு அதிர்கிறது, அதற்குள், தூரத்தில், ஈரச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாடுகிற மாதிரி அவள்.

"என்னால எடுக்க முடியாது. ரெண்டும் ஒண்ணாப் பிசைஞ்சு கிடக்கு. நீங்க ஒருநாள் வந்து டிரம்மை மறுபடி வாசிச்சிட்டா போயிடும்" என்றார் காது.

டிரம்மர் இன்னொரு தடவை ஓடவிடச் சொல்லிக் கேட்டான். பிறகு, "யாருக்கும் கேக்காது. விட்டுடுங்க" என்றான்.

"டீச்சர்கிட்ட?"

"நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. அதற்கும் மேலே ஒன்று செய்தான். டிரம் வரிசையை மட்டும் தன் போனில் வாங்கிக்கொண்டான். தினமும் மத்தியானம் ஏதாவதொரு கட்டடத்தின் உச்சியில், லிப்ட் மோட்டார் இருக்கிற அறையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளைக் கேட்டான். நான்கு மாதம் இப்படி ஓடியது. வேறொருத்தியோடு பழகுகிறவன் மாதிரி, வீட்டுக்குப் போவதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டான். அவன் செய்தது தப்பு. அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன், அது வேறு விஷயம்.

ஆல்பம் முதலில் இணையத்தில் வெளியானது. மூன்று வாரம் கல்லைக் கிணற்றில் போட்ட மாதிரி இருந்தது. நான்காம் வாரம், இசைக்காரர்கள் எல்லாரும் 'கத்திரி' என்று பயந்து கூப்பிடுகிற விமர்சகர் ஒருவர், தன் இணைய இதழில் நீளமாக எழுதினார். யாரையும் சுலபத்தில் பாராட்டாத மனிதர். கிதார் பரவாயில்லை, பாடுகிற பெண் தேர்ச்சியாகப் பாடுகிறாள், டிரம்மர் கொஞ்சம் அவசரக்காரர் என்று வழக்கம்போல வெட்டிக்கொண்டே வந்தவர், ஏழாவது பாட்டுக்கு வந்ததும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். 'டிரம் மட்டும் ஒலிக்கிற அந்த இடத்தில், எங்கோ தூரத்தில் ஒரு பெண் குரல். பாடவில்லை, மிச்சமிருக்கிறது. இந்த வருடம் நான் கேட்டவற்றில் இதைவிட உடைந்த ஒன்று இல்லை.'

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. வானொலியில் வந்தது. ஆளாளுக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தக் குரலைத் தேட ஆரம்பித்தார்கள். ஒருவர் அது செத்துப்போன தாயின் குரல் என்று கண்டுபிடித்து எட்டுப் பத்தி எழுதினார். இன்னொருவருக்கு அது மனசாட்சி. 'மெதுவா, மெதுவா' என்பது வேகமான வாழ்க்கைக்கு எதிரான எச்சரிக்கையாம். புருஷன் அவசரமாகக் கொட்டுகிறான் என்று பெண்டாட்டி அதட்டியது அது. அதைப் போய் யாரிடம் சொல்வது?

அண்ணன் மகள் மட்டும் ஒரு நாள் டிரம்மர் வேலை செய்கிற இடத்துக்கே வந்தாள். பல் மருத்துவமனையில் வேலை, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். "மாமா, எனக்கு முன்னாடியே தெரியும். நான் பாடினப்ப ஹெட்போன்ல டிரம்முக்குள்ள அத்தை கேட்டாங்க. நான் அவங்க பின்னாடியே போய்ட்டேன். நல்லாப் பாடியிருக்கேன்னு எல்லாரும் சொல்றதே அதனாலதான். அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா?"

அவன் கருவிப்பெட்டியை மூடிக்கொண்டு லிப்டுக்குள் போய்விட்டான். அதே வாரம் கம்பெனிக்காரர் போன் செய்து, இசைத்தட்டு போடப் போகிறேன், அந்தக் குரலின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடச் சொல்லுங்கள், அதைப் பற்றி அட்டையிலேயே போட்டுவிடலாம் என்றார். இவன் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அவனைப் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். நாலு பக்கமும் பழைய டயர் புதைத்த வெட்டவெளி. அவனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டு என்று கைகாட்டினாள். அவன் ஒரு சுற்று வந்தான். இரண்டாம் சுற்றில் அவள் போனை எடுத்து காரின் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டாள். ஏழாவது பாட்டு. பழக வந்த ஒரு பெண், 'மேடம், இது உங்க குழுதானே?' என்று விமர்சனத்தைக் காட்டியிருக்கிறாள். அவனுக்கு அது பிறகுதான் தெரிந்தது.

கிதார் நின்றது. பேஸ் நின்றது. டிரம் மட்டும். *மெதுவா, மெதுவா.*

டாஷ்போர்டில் ஓர் அறை விழுந்தது. அவன் கால் தானாக பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நின்று இன்ஜின் அணைந்தது.

அவள் நோட்டை எடுத்து எழுதினாள். 'இது யாரு?'

"நீதான்."

'இது நான் இல்ல. இது கட்டி.'

அவன் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பேனா தாளைக் கிழிக்கிற வேகத்தில் எழுதினாள். 'இருபது வருஷம் நல்லாப் பாடினேன். அப்ப இந்த ஆளுங்க எல்லாம் எங்க இருந்தாங்க? இப்ப நோய் பாடினதைக் கேட்டு அழறாங்க. என்னைப் பத்தி ஊருக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதானா?' தாளைத் திருப்பினாள். 'நீ சத்தியம் பண்ணினே.'

"பண்ணினேன்" என்றான். "எல்லாத்தையும் நீ அழிச்சிட்ட. என்கிட்ட ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. இது ஒண்ணுதான் இருந்தது. நான் என்ன பண்ணுவேன், சொல்லு. எனக்குன்னு உன்னோடது வேற என்ன இருக்கு?"

அவள் அவனையே பார்த்தாள். கழுத்துத் துணி மேலும் கீழும் போய்வந்தது. பிறகு நிதானமாக, கொட்டை எழுத்தில் எழுதி நோட்டை ஸ்டீயரிங் மேல் வைத்தாள்.

'நான் இருக்கேன்.'

அவனால் அதற்குமேல் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான்கு மாதம், தினமும் மத்தியானம், அவன் மாடி உச்சியில் உட்கார்ந்து அந்தக் குரலோடு குடித்தனம் நடத்தியபோது இவள் வீட்டில் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். போன் செய்து பேச முடியாதவள். இவன் செய்தி அனுப்பினால்தான் உண்டு. எத்தனை நாள் அனுப்பினான் என்று யோசித்துப் பார்த்தான். வெட்கமாக இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுதால் இப்போது சத்தம் கிடையாது, கழுத்துத் துணிக்குப் பின்னால் காற்று மட்டும் விட்டுவிட்டு வரும். அந்தக் காற்றை அவன் அன்றுதான் முதல் தடவை கவனித்துக் கேட்டான்.

"நான் மறுபடி வாசிக்கிறேன்" என்றான்.

கம்பெனிக்காரர் தாம் தூம் என்று குதித்தார். ஊரே அந்தக் குரலுக்காகத்தான் கேட்கிறது, உங்களுக்கென்ன கிறுக்கா என்றார். கிதார்காரர் போனை வாங்கி, "அது என் தங்கச்சி குரல். அவ வேணாம்னா வேணாம்" என்று வைத்துவிட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் கிதார் தந்திகளை மாற்றிக்கொண்டிருந்தார், நல்ல தந்திகளையே.

மறுபதிவுக்கு ஒரே நாள்தான் ஒதுக்கினார் காது. கண்ணாடி அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஒருத்தரும் இல்லை. டிரம்மரின் காதில் அண்ணன் மகளின் குரல் சுத்தமாக ஒலித்தது. மூன்று கை தூரத்தில், அவள் நின்ற இடத்தில், ஒரு ஸ்டூல் கிடந்தது. அவன் அதை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு மறுபடி எடுத்துவந்து பழைய இடத்திலேயே போட்டான். ஒன்பது பாட்டையும் அதைப் பார்த்தபடியே வாசித்தான்.

முடிந்ததும் காது அவனுக்குத் தேநீர் கொடுத்தார். திரையில் பழைய டிரம் வரிசைகள் ஒன்பதும் பச்சையாகக் கிடந்தன.

"ஒரு பிரதி ஓரமா இருக்கட்டும். டீச்சருக்குத் தெரிய வேண்டாம். நான் மனுஷன்கிட்ட மூச்சு விட மாட்டேன்."

டிரம்மர் தலையாட்டி மறுத்தான்.

"ஒரு தடவையாவது கேட்டுட்டு...?"

"கேட்டா அழிக்க விடமாட்டேன்" என்றான் அவன். "அழிச்சிடுங்க."

காது அழித்தார். டிரம்மர் தன் போனை எடுத்து அதில் இருந்ததையும் அழித்து, அழிந்ததா என்று அவரிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னான். பிறகு தேநீரைக் குடித்து முடித்தான். சூடு ஆறியிருந்தது. இணையத்திலும் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றினார்கள். முன்பே இறக்கி வைத்துக்கொண்ட யாராவது உலகத்தில் எங்காவது இருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளைக் கேட்டுக்கொண்டிருப்பான். தேடிப் பிடிப்பது பெரிய காரியமில்லை. இந்தத் தடவை சத்தியம் சத்தியம்தான் என்று டிரம்மர் தேடவில்லை.

இசைத்தட்டு வந்தது. அந்தக் குரலைக் காணோம் என்று ஊர் கொதித்தது. ஏமாற்றுவேலை என்றார்கள், பித்தலாட்டம் என்றார்கள். ஒரு மாதத்தில் எல்லாரும் அடுத்த ஆல்பத்துக்குப் போய்விட்டார்கள். அந்த விஷயத்தில் ஊரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. டிரம்மரைத் தின்றது வேறு. ஒருநாள் மோட்டார் அறையில் அவள் குரலை மனதுக்குள் கொண்டுவரப் பார்த்தான், வரவில்லை. சொற்கள் வந்தன, குரல் வரவில்லை. அவள் சொன்னதெல்லாம் அண்ணன் மகளின் குரலில் ஒலித்தது. அன்று அவன் கழற்றிய மோட்டாரைத் திரும்பப் பூட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கத்திரி மட்டும் இரண்டாம் தடவை எழுதினார், சின்னதாக ஒரு குறிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அதை வீட்டில் படித்தாள். படித்துவிட்டு அவன் பக்கம் திருப்பி வைத்தாள். 'அந்தக் குரல் ஏன் போனது என்று எனக்குத் தெரியாது. போனது போனதுதான். ஆனால் டிரம்மருக்கு என்ன ஆயிற்று? முன்பு ஓடியவர், இப்போது ஒவ்வொரு வரி முடிவிலும் தாமதமாக வருகிறார். ஏழாவது பாட்டில், டிரம் மட்டும் ஒலிக்கிற இடத்தில், கை ஓங்கியபடி நின்றே விடுகிறார். யாரோ உள்ளே வருவதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. இது குறைதான், ஆனால் நான் மூன்று தடவை கேட்டேன்.'

அவள் நோட்டில் எழுதினாள். 'லேட்டா வாசிக்கிறியாமே.'

"ஆமா."

'ஏன்?'

அவன் தரையைப் பார்த்தான். "நீ சொல்லி முடிக்கட்டும்னு."

அவள் எழுந்து போய் இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை அவள் தொட்டதே இல்லை. ஏழாவது பாட்டில் முள்ளை வைத்துவிட்டு வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். அண்ணன் மகள் பாடினாள், *கதவைத் திறந்தா செங்கல்லு.* டீச்சர் கண்ணை மூடாமல் கேட்டாள். அவள் பார்வை மேஜைக்கு அடியில், அவனுடைய வலது பாதத்தில் இருந்தது. கிதார் நின்றது. பேஸ் நின்றது. டிரம் மட்டும் கொஞ்ச தூரம் நடந்தது, பிறகு அதுவும் நின்றது.

அந்த நிசப்தத்தில் அவள் மேஜையை இரண்டு முறை மெல்லத் தட்டினாள்.

இடம் அச்சாகப் பொருந்தியிருந்தது. இசைத்தட்டில் அவன் மறுபடி வாசிக்க ஆரம்பித்தான், அவள் சொல்லி முடித்த பிறகுதான். மேஜைக்கு இந்தப் பக்கம் அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் கழுத்துத் துணிக்குப் பின்னால் காற்று விட்டுவிட்டு வந்தது. மிச்சமிருந்த இரண்டு பாட்டும் ஓடி முடிந்து முள் நடுவில் சுற்றிக்கொண்டே இருந்தது, இருவரும் எழுந்து போய் அதை எடுக்கவில்லை.